திங்களும் வியாழனும்

அக்காவின் குளிர்கோட்டுக்கு உள்ளே, இடது பக்கம், அவர் தன் கையால் தைத்த ஒரு சின்னப் பை இருந்தது. ஒரு விரல் நுழையும் அகலம். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கும், வாயில் பஞ்சு அடைத்து, பஞ்சுக்கு மேல் ரப்பர் வளையம் போட்டு. குழாய்க்குள் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். கலங்கல்தான் உயிர். பஸ்ஸில் ஆட்கள் நெருக்கினால் அவர் கைப்பையைப் பிடிக்கமாட்டார், நெஞ்சைப் பிடிப்பார். பார்க்கிறவர்கள் இருதய வருத்தக்காரி என்று நினைத்து எழும்பி இடம் கொடுப்பார்கள். வேண்டாம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு உறவில்லை, வாத்தியாரும் இல்லை. ஸ்காபரோவில் ஒரு தொழிற்பேட்டை யூனிற்றில், இடியப்பம் அவிக்கிற கடைக்கும் கண்ணாடி வெட்டுகிற கடைக்கும் நடுவே, மூன்று வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் வேலை செய்தோம். மட்டமான புகையிலைக்கு நல்ல மணம் வரப் பண்ணுவதுதான் வேலை.

செடியில் மண்ணோடு உரசி வளர்ந்த அடியிலைகளை ஒருவரும் விரும்பி வாங்குவதில்லை. புகைத்தால் தொண்டையைப் பிறாண்டும். மணம் என்று ஒன்றும் இராது, எரிந்த கடதாசிதான். தென்மேற்கு ஒன்ராறியோத் தோட்டங்களிலிருந்து அந்த இலை பொதி பொதியாக எங்களிடம் வரும். நான் அதை ஈரமாக்கி, அக்கா குழாயில் வளர்த்த கிருமியைத் தெளித்து, சூடான அறையில் போர்த்தி வைத்து, நாளுக்கு ஒருமுறை புரட்டுவேன். கிருமி இலையில் இருக்கிற மாவையும் புரதத்தையும் தின்னும், புகை மெதுவாகும். இலையின் மஞ்சள் நிறத்தைக் கடித்துத் துண்டாக்கும், அந்தத் துண்டுகள்தான் மணம். ஐந்தாம் நாள் போர்வையைத் தூக்கவேண்டும். ஏழாம் நாள்வரை விட்டால் மூத்திர நெடி.

முதல்முறை சரிவந்த அந்த ஐந்தாம் நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இலையை ஜாம் போத்தலில் போட்டு, மூடி, கொஞ்சநேரம் விட்டு, திறந்து ஒரேயொரு தரம் மணப்போம். அடுத்த போத்தலுக்குப் போகுமுன் சொந்தச் சட்டைக் கையை மணந்து மூக்கைக் கழுவிக்கொள்வோம். அன்றைக்கு நான் சட்டைக் கையை மறந்துபோனேன். வெயிலில் கிடந்த முந்திரிகைப்பழ வத்தல், அதற்குப் பின்னால் தேன், அதற்கும் பின்னால், எட்டாத தூரத்தில், இஸ்திரி போட்டுச் சூடு ஆறாத பருத்திச் சீலை. மணத்தாளில் இனிப்பு, பழம், கருகல் என்று மூன்று பெட்டிகள்தான் இருந்தன. நான் சீலையை ஓரத்தில் எழுதினேன். யூனிற்றை நடத்துகிற போஸ் அதைப் பார்த்துவிட்டு, வாங்குகிற ஆட்களுக்கு அனுப்புகிற தாளில் சீலையெல்லாம் வராது என்று வெட்டினார். அன்று முதல் அக்காவுக்கு நான் கவிஞர். பாதி மரியாதை, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது வரும் என்று தெரியாது.

அந்தக் கிருமியைக் கண்டெடுத்தவர் அவர். நூற்றுக்கணக்கான இலைகளில் ஒரு இலை மட்டும் வேறுமாதிரி மணக்கிறது என்று அதை உறையில் போட்டெடுத்து, அதில் ஒட்டியிருந்த உயிர்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, ஒவ்வொன்றையும் இலையில் விட்டு, ஒரு கோடை முழுக்க மணந்து கண்டுபிடித்தார். சில கிருமிகளுக்குத் தங்களைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வருடக்கணக்காய் உறங்கத் தெரியும். இதற்குத் தெரியாது. இதை ஒன்றில் சத்துத் தண்ணீர், எங்கள் பாஷையில் சோறு, போட்டு வளர்க்கவேண்டும், இல்லாவிட்டால் கிளிசரின் கலந்து சின்னக் குப்பியில் அடைத்துக் கடுங்குளிரில் போடவேண்டும். போட்டால் உள்ளே காலம் நின்றுவிடும். இருபது வருடம் கழித்து எடுத்தாலும் போட்ட அன்றைய அதே உயிர். அதற்கென்றே போஸ் ஆளுயரப் பிரீசர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அக்கா அதற்குள் ஒரு குப்பியும் வைக்கவில்லை.

கேட்டால் ஒரே பதில். "உறங்குறதும் செத்ததும் பார்வைக்கு ஒண்டுதான்."

ஆகவே திங்களும் வியாழனும். வாரத்தில் இந்த இரண்டு நாளும் பழைய குழாயிலிருந்து ஒரு சொட்டைப் புதிய குழாய்க்கு மாற்றுவார். புதிய சோறு, புதிய பஞ்சு, எத்தனையாவது மாற்றல் என்று கறுப்புப் பேனையால் புதிய இலக்கம். மேசையில் ஒன்று, கோட்டுக்குள் ஒன்று. யூனிற் எரிந்துபோனாலும் கோட்டுக்குள் இருக்கிறது தப்பும் என்பது அவர் கணக்கு. ஒரு வியாழக்கிழமை பனி கொட்டி பஸ் ஓடவில்லை. தான் குடியிருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து முழங்கால் பனிக்குள் நடந்து வந்தார், கண்ணிமையில் பனி கட்டி. ஒரு நாள் பிந்தினால் குடியா முழுகிவிடும், நாளைக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றார், நான் கிழமை தெரியாதவன் மாதிரி.

மேசை தூக்க ஒருமுறை அவருடைய அப்பார்ட்மென்றுக்குப் போனேன். ஐஸ் எடுக்கலாம் என்று பிரீசரைத் திறந்தால், மீன் இல்லை, இறைச்சி இல்லை. பிளாஸ்ரிக் பைகளில் சுற்றி, ஊர்க் காணி உறுதி, குடியுரிமைப் பத்திரம், மகளின் பட்டப்படிப்புச் சான்றிதழ். சாகாத சாமான் மட்டும்தான் அதற்குள் வைக்கலாம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். மீன் தேவையான அன்று தேவையான அளவு. மகள் கல்கரியில், விமானத்தில் போகிற தூரம். ஒவ்வொரு வருடமும் வா வா என்று கெஞ்சுவாள். திங்கள் மாற்றிவிட்டு வந்து வியாழனுக்கு முன் திரும்பிவிடலாம் என்றால் வருகிறேன் என்று இவர் சொல்லுவார். பிறகு ஒருவரும் ரிக்கெற் போடமாட்டார்கள்.

என் மனைவிக்கு எங்கள் வேலையே பிடிக்கவில்லை. ஆட்கள் விடமுடியாமல் தவிக்கிற சாமானுக்குத் தேன் தடவுகிறீர்கள் என்பாள். அதை அக்காவிடம் சொன்னபோது அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"நான் புகையிலைக்கு வேலை செய்யேல்லை, கவிஞர். உதுக்கு வேலை செய்யுறன்."

அப்போது அதை ஒரு சமாளிப்பு என்று நினைத்தேன்.

தொண்ணூறாவது இலக்கத்துக்கு அங்காலேதான் மணம் வெளிறத் தொடங்கியது. முதலில் சீலை போனது. ஒரு ஐந்தாம் நாள் போர்வையைத் தூக்கினேன், முந்திரிகை இருந்தது, தேன் இருந்தது, அதற்குப் பின்னால் வெறும் சுவர். அடுத்த மாதம் தேன் மெலிந்தது. நான் சொன்னேன். இலை சரியில்லை என்றார். வேறு பொதி உடைத்தோம். தண்ணீர் என்றார். தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். உமக்குத் தடிமன், மூக்கு அடைப்பு என்றார். தடிமன் இல்லாதபோதும் தடிமன் என்றார்.

எனக்குக் காரணம் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழாய்க்குள் சோறு சும்மா கிடைக்கிறது. இலையின் மஞ்சளைக் கடித்து உடைக்கவேண்டிய தேவை இல்லை. உடைக்கத் தெரிந்த கிருமி அந்த வித்தைக்காகச் செலவழித்துக்கொண்டிருக்க, உடைக்கத் தெரியாத சோம்பேறி வேகமாய்ப் பெருகும். ஒவ்வொரு மாற்றலிலும் சோம்பேறிகளின் பங்கு கூடும். உயிரைக் காப்பாற்ற என்று அவர் செய்கிற வேலையேதான் மணத்தைக் கொல்லுகிறது. இதை நான் அவருக்கு மூன்று தரம் சொன்னேன், மூன்றாம் தரம் மேசையில் அடித்துச் சொன்னேன். அவர் பஞ்சைத் திருகிக்கொண்டு, குழாய் கலங்கித்தானே இருக்கிறது என்றார்.

ஒரு மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று எனக்கு வாழ்க்கையில் தோன்றியது சில தடவைதான். அதில் பாதி அவரை.

நான் ஒரு களவு செய்திருந்தேன். பன்னிரண்டாவது இலக்கத்தில், மணம் உச்சத்தில் இருந்தபோது, அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு குப்பியில் கிளிசரின் கலந்து அடைத்து, பிரீசரின் அடித்தட்டில் ஐஸ் பைகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். நூற்று முப்பதாவது இலக்கத்தில், வாங்குகிற ஆட்கள் மணக்க வர ஆறு கிழமை இருக்கையில், இலையில் ஒன்றுமே இல்லை என்று ஆனபோது, அதை அவருக்குச் சொன்னேன். ஏச்சு வரும் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினையாம் இலக்கம்?"

பன்னிரண்டு என்றேன். அவர் கையை நீட்டினார். ஒரு குப்பியைக் கொடுத்தேன். உள்ளங்கையில் பொத்திக் கரையவிட்டு, தட்டில் கீறி, சூட்டில் வைத்தார். இரண்டாம் நாள் தட்டு முழுக்க வெள்ளைப் பொட்டு. இலையில் விட்டு ஐந்தாம் நாள் போர்வையைத் தூக்கினேன். சீலை வந்துவிட்டது. அக்கா போத்தலை மணந்தார், மூடினார், திரும்ப மணந்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனார். அன்றைக்கு எழுதிய குழாயில் இலக்கம் நூற்று முப்பத்தொன்று இல்லை. பதின்மூன்று.

ஆட்கள் வந்தார்கள், மணந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த அறுவடையில் இதே மணம், இதைவிடப் பெரிய தொகையில், முடியுமா என்றார்கள். போஸ் முடியும் என்றார். அந்த ஒரு சொல்லில் யூனிற்றின் எதிர்காலம் இருந்தது, எங்கள் இரண்டு பேரின் வேலையும் இருந்தது.

இனியாவது ஒழுங்காகக் குப்பியில் அடைப்பார் என்று நினைத்தேன். திங்கள் வந்தது, மாற்றினார். வியாழன் வந்தது, மாற்றினார். நானும் பத்துக் குப்பி அடைத்து ஒளித்திருக்கலாம். செய்யவில்லை. இரண்டாவது குப்பி அடித்தட்டில் கிடக்கிறதுதானே என்ற தைரியம். ஒரு வருடம் அந்தத் தைரியத்தில் நிம்மதியாக நித்திரை கொண்டேன். நூறை நெருங்க மணம் வெளிறியபோது எனக்குப் பயமே வரவில்லை, ஒருவிதத்தில் சந்தோஷம்கூட. நூற்றுப் பதினேழில், புதிய அறுவடை வந்து இறங்கிய கிழமை, அக்காவுக்கு முன்னால் வேண்டுமென்றே சத்தமாகப் பிரீசரைத் திறந்து, ஐஸ் பைகளை விலக்கி, குப்பியை எடுத்தேன்.

குப்பி இலேசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். வெறுமை. பளிச்சென்று கழுவி, மூடி இறுக்கி, என் கையெழுத்தில் பன்னிரண்டு என்ற சீட்டு அப்படியே ஒட்டியிருக்க, இருந்த இடத்திலேயே அக்கா திரும்ப வைத்திருந்தார்.

"ஒண்டை வெளியில எடுத்துப்போட்டு மற்றதை உதுக்குள்ள கிடத்தியிருக்கிறது சரியில்லைத்தானே," என்றார். "அண்டைக்கே எடுத்துக் கரைச்சு அதோடையே வளர விட்டிட்டன்."

"அப்ப ஏனக்கா வெறுங்குப்பியைத் திரும்ப வைச்சனீங்கள்?"

"உமக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை, அவருடைய வயதுக்குச் சொல்லக்கூடாத சொற்களும் அதில் இருந்தன. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில், அதுவரை ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் அவர் ஏழு வருடமாக மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் சேர்த்த கிருமிகள் எல்லாம் குளிர்ப்பெட்டியில் இருந்தன. சண்டையில் கரண்ட் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். திறந்தால் குளிர் போய்விடும் என்று பெட்டியைத் திறக்காமலே காவல் இருந்தார்.

"பத்தாம் நாள் திறந்தன். எல்லாம் ஒரே மணமாக் கிடந்தது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை. அது ஆறவில்லையே என்று இன்னும் கோபம் வந்தது. அது வேறு நாடு, வேறு கரண்ட், இங்கே மின்பிறப்பாக்கி இருக்கிறது, எச்சரிக்கை மணி இருக்கிறது, என்று ஒரு மடையனைப்போல அவருக்கு அடுக்கிக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் வந்தார்கள். போத்தலை மணந்தார்கள். கெட்ட மணம் என்று ஒன்றுமில்லை, எரிந்த கடதாசி கொஞ்சம் ஈரமாய், அவ்வளவே. மரியாதையான ஆட்கள், கோப்பியைக் குடித்துமுடித்துப் போனார்கள். போஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, தான்தான், தன்னுடைய பிழைதான் என்று ஒரே மூச்சில் சொன்னார். போஸ் கோடைக்குள் யூனிற்றைக் கைவிட்டார். கடைசி நாள் எல்லாரும் அவரவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனோம். அக்கா கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார், ஆடி மாத வெயிலில்.

அந்த வெறுங்குப்பி நாளிலிருந்து நான்கு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் பஸ் தரிப்பில், அதே கோட். நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் கை நெஞ்சுக்குப் போனது. எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய உடனே எரிச்சல் வந்தது, நான்கு வருடமாய்த் தொடாமல் கிடந்த எரிச்சல், நேற்று வைத்தது மாதிரிச் சூடாய்.

இலக்கம் கேட்டேன். ஐந்நூற்று நாற்பத்தொன்று என்றார். உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரில் கொஞ்சம் சீனி போட்டு, பிரசர் குக்கரில் அவித்து, குசினி மேசையில் ஸ்பிரிற் விளக்குக் கொளுத்தி மாற்றுகிறாராம். குழாயை எடுத்துப் பஞ்சைக் கொஞ்சம் தளர்த்தி என் பக்கம் நீட்டினார். மணந்தேன். கிழங்குத் தண்ணீர். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, சுவர்கூட இல்லை.

"சொல்லாதேயும், தெரியும்," என்றார். "வாசம் போச்சு. அதுக்காண்டிச் சாகவிடேலுமே?"

மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதாம். மூன்று கிழமை கல்கரிக்குப் போகவேண்டும், தப்பமுடியாது. விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று பயம். ஆறே ஆறு மாற்றல், நீர்தான் செய்யவேண்டும், வேறு ஆரிடமும் கேட்கமுடியாது என்றார். பஸ் வந்தது, போனது, அடுத்ததும் போனது. நான் ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்று வழி முழுக்க என்னையே ஏசிக்கொண்டு மில்லிக்கனில் என் வீட்டுக்கு வந்தேன், கோட்டின் உள்பையில் குழாய் உருண்டுகொண்டிருக்க.

மூன்று கிழமை இரண்டு மாதமானது. கல்கரிப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து அவர் அங்கேயே கிடந்தார். வியாழன் தவறாமல் போன். சுகம் விசாரிப்பெல்லாம் இல்லை. "மாத்தினீரோ?" ஓம் அக்கா, மாத்தினனான். "கலங்கினதோ?" ஓம், கலங்கினது. உண்மையாகவே மாற்றினேன், பதினேழு தரம், ஒவ்வொரு தரமும் அவரைத் திட்டிக்கொண்டு, மணமில்லாத, பயனில்லாத, வாங்க ஆளில்லாத ஒரு உயிருக்குக் கிழங்கு அவித்துக்கொண்டு. மனைவி விளக்கைப் பார்த்துவிட்டு, இது எந்தச் சாமிக்கு என்று கேட்டாள்.

பிறகு மொன்றியலில் ஒரு கலியாணம், நான்கு நாள். குழாயைக் காவிக்கொண்டு கலியாண வீட்டில் நிற்க எனக்கு விசரா? மீனுக்கும் துருவின தேங்காய்ப்பூவுக்கும் நடுவே அதை எங்கள் குசினிப் பிரீசரில் வைத்தேன். கிளிசரின் இல்லை. வீட்டுப் பிரீசர் பனி கட்டாமல் இருக்கத் தானாய்ச் சூடாகித் தானாய்க் குளிரும், அது உயிர்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். இருந்தும் வைத்தேன். நான்கு நாள்தானே.

திரும்பி வந்த திங்கட்கிழமை குழாயை எடுக்கவில்லை. வியாழனும் எடுக்கவில்லை. கிழங்கு அவிக்காத வீடு எவ்வளவு ஆறுதலாய் இருந்தது. போன் வந்தபோது ஓம் என்றேன். அடுத்த கிழமையும் ஓம். பொய் சொல்லுவது மாற்றுவதைவிட இலேசு, இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஆறாவது கிழமை, அதே வியாழன், அக்காவின் போனிலிருந்து அழைப்பு, குரல் மகளுடையது. ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தாள். காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, கதைக்க இயலாது, ஆனால் காகிதத்தில் எழுதி எழுதிக் காட்டுகிறார் என்றாள்.

"அங்கிள், ஏதோ மாத்தினீங்களா எண்டு அம்மா கேக்கிறா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"ஓம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

அங்கே காகிதச் சத்தம். "நம்பர் என்னவாம்?"

அவர் கணக்கு வைத்திருப்பார். பிழைத்தால் பிடிபடுவேன். குசினியில் நின்றபடி விரல்களை மடக்கி, மாற்றாமல் விட்ட திங்கள்களையும் வியாழன்களையும் ஒவ்வொன்றாய் எண்ணினேன். பன்னிரண்டு. ஐந்நூற்று எழுபது என்றேன். மகள் அதைச் சத்தமாய்ச் சொல்லுவது கேட்டது.

"தலையை ஆட்டுறா, அங்கிள். சரியாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா செத்துப்போனார்.

குழாய் இன்னும் எங்கள் குசினிப் பிரீசரில்தான் கிடக்கிறது. பனிக்கட்டியில் கலங்கலும் தெரியாது, தெளிவும் தெரியாது. வெளியே எடுத்து ஒரு சொட்டுக் கிழங்குத் தண்ணீரில் விட்டால் உயிர் இருக்கிறதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். இன்றைக்கு வியாழக்கிழமை. கிழங்கு அவித்து, குக்கரின் சூடு ஆறவிட்டு, பிரீசரைத் திறந்தேன். மீனுக்கு மேலே, என் கையெழுத்தில், ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. கொஞ்சநேரம் குளிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டுக் கதவை மூடினேன்.